ஆயில் குடிக்கும் பழைய பக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் நம்மவர்கள் வீட்டு வாசலில் பெரும்பாலும் ஒரு பழைய பக்கி நிற்கும். ஊரில் பிக்கப் என்பதை இங்கே எல்லோரும் பக்கி என்றுதான் சொல்கிறோம். பழைய ஹைலக்ஸ், இசுஸு கேபி, நிஸ்ஸான் 1400 என்று ஏதோ ஒன்று. வாரம் முழுக்கக் காய்கறியும் சிமென்டும் ஏற்றும், காவடி வந்தால் கோவில் சாமான் ஏற்றும். இந்த வண்டிகளில் ஆயில் குறைகிறது என்று என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்தான் கீழே இருப்பவை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பானெட்டைத் திறந்த அடுத்த நிமிடமே "ரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். ரிங், அதாவது பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையம், கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

எவ்வளவு ஆயில் குறைந்தால் அது சாதாரணம்?

எல்லா இன்ஜினும் கொஞ்சம் ஆயில் குடிக்கும். பல கம்பெனிகளின் கையேட்டில் 1,000 கி.மீ.க்கு 1 லிட்டர் வரை பரவாயில்லை என்று போட்டிருக்கும். வாரண்டி சண்டையில் கம்பெனி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்ட கணக்கு அது என்பது என் எண்ணம். நான் வைத்திருக்கும் கணக்கு வேறு. இரண்டு லட்சம் கி.மீ. தாண்டிய பழைய இன்ஜின் 1,000 கி.மீ.க்கு 200, 300 மில்லி குடித்தால் ஊற்றிக்கொண்டு ஓட்டுங்கள். அரை லிட்டரைத் தாண்டினால் காரணத்தைத் தேடுங்கள். ஒரு லிட்டரை எட்டிவிட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

நான் அளந்தால் ஒருநாள் நிறைய இருக்கிறது, மறுநாள் குறைகிறது. எப்படி அளப்பது?

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீடுகளில் பாதிக்குமேல் மேட்டிலோ பள்ளத்திலோ இருக்கின்றன. சரிவான டிரைவ்வேயில் நிறுத்தி, ஆயில் அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் அது சொல்வது எதுவும் சரியாக இருக்காது. சமதரையில், எப்போதும் ஒரே இடத்தில் நிறுத்துங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்போ, ஓடி வந்து நிறுத்திப் பத்து நிமிடம் கழித்தோ பாருங்கள். மேல் கோடு வரை ஊற்றிவிட்டு மீட்டர் எண்ணை ஒரு தாளில் குறித்து டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். பெட்ரோலோ டீசலோ போடும்போதெல்லாம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். 1,000 கி.மீ. ஆனதும், அளவுக் கோடு போட்ட ஜக்கில் எடுத்து மேல் கோட்டுக்கு ஊற்றுங்கள். ஊற்றிய அளவுதான் வண்டி குடித்த அளவு. டிப்ஸ்டிக்கின் இரண்டு கோட்டுக்கும் நடுவே பெரும்பாலான பக்கிகளில் ஏறக்குறைய ஒரு லிட்டர்.

மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். "எப்படியும் குடிக்கும், அரை லிட்டர் கூடவே இருக்கட்டும்" என்று ஊற்றுகிறவர்கள் உண்டு. உள்ளே சுழலும் கிராங்க் தண்டு அந்த ஆயிலை அடித்து நுரையாக்கும், அது இன்ஜின் மூச்சு விடும் குழாயான பிரீதர் வழியாக ஏறி எரியும். ஆக, கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகத்தான் குடிக்கும்.

இன்னொரு ஏமாற்று வேலையும் இருக்கிறது. ஊருக்குள்ளேயே குட்டிக் குட்டித் தூரம் ஓடும் வண்டியில், எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் கலக்கும். ஆயில் குறைந்திருக்கும், ஆனால் பெட்ரோல் அந்த இடத்தை நிரப்பியிருப்பதால் டிப்ஸ்டிக் நிறைவாகக் காட்டும். ஜோகன்னஸ்பர்க் போகும் வழியில் இன்ஜின் நன்றாகச் சூடானதும் கலந்த பெட்ரோல் ஆவியாகும், லெவல் தடால் என்று இறங்கும். "ஒரே டிரிப்பில் ஒரு லிட்டர் குடித்துவிட்டது" என்று பதறி வருகிறவர்களில் சிலருடைய கதை இதுதான். டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள், பெட்ரோல் வாடை தெரியும். டீசலில், இன்ஜெக்ஷன் பம்ப் சீல் போய், இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் டீசல் இறங்கினால் லெவல் ஏறவே செய்யும். அது இன்னும் ஆபத்து, உடனே பார்க்க வேண்டும்.

புகையும் இல்லை, வாசலில் சொட்டும் இல்லை. பிறகு ஆயில் எங்கேதான் போகிறது?

1,000 கி.மீ.க்கு 1 லிட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 1 மில்லி, ஏறக்குறைய இருபது சொட்டு. அவ்வளவு ஆயில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குப் பரவி எரிந்தால் கண்ணுக்கு எங்கே தெரியும்? புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கும் வண்டியில் அது மிச்சப் புகையையும் எரித்து மறைத்துவிடும். கசிவும் அப்படித்தான். சில இடங்கள் இன்ஜின் ஓடும்போது, பிரஷர் இருக்கும்போது மட்டுமே கசியும். நிறுத்தினால் காய்ந்துவிடும்.

வெளியே கசிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்ஜினைக் கழுவுங்கள். அழுக்கு இன்ஜினில் கசிவு தேடினால் நேரம்தான் வீணாகும். டிகிரீசர் தெளித்து, பிரஷால் தேய்த்து, டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர் இரண்டையும் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, மெதுவாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். அப்புறம் ஐம்பது கி.மீ. ஓட்டிவிட்டு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஆயில் கீழே ஒழுகும், காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் ஈரம் தெரியும் இடம் கசியும் இடமாக இருக்காது. ஈரத்தின் மேல் முனை எங்கே, முன் முனை எங்கே என்று தேடிப் போக வேண்டும். சந்தேகம் வரும் இடத்தில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி ஐந்து நிமிடம் ஓடவிட்டால் கோடு போட்டுக் காட்டிவிடும்.

முதலில் டேப்பெட் கவர் பேக்கிங், அதாவது இன்ஜின் மேல் மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர். பழைய ரப்பர் வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருக்கும். அடுத்தது ஆயில் பிரஷர் சுவிட்ச். கட்டைவிரல் அளவுதான், ஆனால் அதன் நடுவில் கசிந்தால் வயர் சாக்கெட்டுக்குள்ளேயே ஆயில் நிற்கும். வயர் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் விடாதீர்கள். புதிதாக ஆயில் ஃபில்டர் மாற்றியிருந்தால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதிய ஃபில்டரை முறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். இது கேட்கச் சிரிப்பாக இருக்கும். சாலையில் நடந்தால் இரண்டு நிமிடத்தில் சம்ப் காலி.

கியர்பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்தில் சொட்டினால் எல்லோரும் கிராங்கின் பின் சீல் என்பார்கள். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி அந்த சீல் விலையைப்போலப் பல மடங்கு. இறக்குவதற்கு முன்னால் டேப்பெட் கவரின் பின் மூலையில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். அந்த மூலையில் கசியும் ஆயில் பிளாக்கின் முதுகு வழியாக ஒழுகி, சரியாக அதே இடத்தில்தான் வந்து சொட்டும். ஒரு ரப்பர் பேக்கிங்கோடு முடிய வேண்டிய வேலைக்குக் கியர்பாக்ஸை இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

புது சீல் போட்டு மூன்று மாதத்தில் மறுபடி கசிகிறது. சீல் டூப்ளிகேட்டா?

இருக்கலாம். அதைவிட, பிரீதர் அடைத்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் சம்ப்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அது வெளியேறவே பிரீதர் குழாயும், பெட்ரோல் வண்டியில் அந்த வாயுவை மறுபடி எரிய அனுப்பும் பிசிவி வால்வும் இருக்கின்றன. அவை பிசின் பிடித்து அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், பலவீனமான சீல் எதுவோ அதைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். எத்தனை சீல் மாற்றினாலும் இதே கதைதான். பிசிவி வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் கதை மாறும். இன்ஜின் ஆயில் ஆவியை நேராக மேனிஃபோல்டுக்கு, அதாவது காற்று உள்ளே போகும் குழாய்க்கு, இழுத்து எரிக்கும்.

வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகட என்று சத்தம் வர வேண்டும். இன்ஜின் ஓடும்போது அதன் வாயில் விரலை வைத்தால் இழுக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் புதிதே போட்டுவிடுங்கள், இந்த வண்டியில் இதைவிட மலிவான சாமான் அதிகம் இல்லை. குழாயையும் கழற்றிப் பெட்ரோலில் ஊறவைத்துச் சுத்தம் செய்யுங்கள். வால்வை மாற்றிக் குழாயை விட்டுவிடுவது பாதி வேலை.

நீலப் புகை வருகிறது. வால்வு சீலா, ரிங்கா?

புகை எப்போது வருகிறது என்று சொல்லுங்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பென்று நீலமாகத் தள்ளி, அரை நிமிடத்தில் நின்றுவிட்டால் வால்வு சீல். ராத்திரி முழுக்க இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டிலிருந்து ஆயில் வால்வுத் தண்டு வழியாகச் சொட்டிச் சேர்ந்திருக்கும், அதுதான் எரிகிறது.

பெட்ரோல் வண்டிக்கு இங்கே இயற்கையே ஒரு டெஸ்ட் வைத்திருக்கிறது. ஹில்டனிலிருந்து டவுன் ஹில் என்ற மேட்டின் வழியாகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு இறங்குங்கள், இல்லையென்றால் க்ளூஃபிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் வழியாகப் பைன்டவுனுக்கு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரில் வைத்தே இறங்க வேண்டும். த்ராட்டில் மூடியிருப்பதால் மேனிஃபோல்டில் பலமான வெற்றிடம் உண்டாகி, வால்வுத் தண்டு ஓடும் குழலான கைடு தேய்ந்திருந்தால் அதன் வழியாக ஆயிலை உறிஞ்சும். கீழே வந்து சமதரையில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பின்னால் ஒரு நீல மேகம் எழுந்தால், பெரும்பாலும் வால்வு சீலும் கைடும்தான். பின்னால் வேறொரு வண்டியில் ஆளை வரச் சொல்லுங்கள். கண்ணாடியில் நீங்களே பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

அதே மேட்டில் ஏறும்போது, சுமையோடு, விடாமல் புகைந்தால் ரிங் பக்கம் சந்தேகப்படலாம். அப்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளிருந்து புஸ் புஸ் என்று வாயு தள்ளினால் சந்தேகம் இன்னும் பலமாகிறது.

வெள்ளைப் புகை, தண்ணீரும் குறைகிறது என்றால் அது ஹெட் பேக்கிங் விவகாரம். கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம். இரண்டும் இந்தப் பக்கத்துக்கு வெளியே.

கம்ப்ரஷன் டெஸ்ட் நன்றாக வந்தது. அப்படியானால் ரிங் நல்லதுதானே அண்ணா?

அவசரப்படாதீர்கள் தம்பி. பிஸ்டனில் பொதுவாக மூன்று ரிங். மேல் இரண்டும் கம்ப்ரஷனைப் பிடிக்கும், மூன்றாவது, போரில், அதாவது சிலிண்டரின் உட்சுவரில், படியும் ஆயிலை வழித்துக் கீழே அனுப்பும். கம்ப்ரஷன் மீட்டர் மேல் இரண்டைப் பற்றி மட்டுமே சொல்லும். ஆயில் மாற்றாமல் இழுத்தடித்த வண்டியில் மூன்றாவது ரிங்கின் துளைகள் கரி பிடித்து அடைத்து, ரிங் பிஸ்டனோடு ஒட்டிக்கொள்ளும். மீட்டர் அழகாகக் காட்டும், வண்டி ஆயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

ஆனாலும் டெஸ்ட் வேண்டும். இன்ஜின் சூடாக, எல்லா ஸ்பார்க் பிளக்கும் கழற்றி, த்ராட்டில் முழுக்கத் திறந்து, பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கும்போது எடுக்க வேண்டும். இந்தப் பழைய பெட்ரோல் பக்கிகளில் 150, 170 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) வந்தால் நல்லது. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 15 பிஎஸ்ஐக்குள் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். அளவு ஏறினால் ரிங்கோ போரோ, ஏறாவிட்டால் வால்வோ ஹெட் பேக்கிங்கோ. கழற்றிய பிளக்குகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்றும் காய்ந்து ஒன்று மட்டும் ஆயிலில் குளித்திருந்தால் எந்தச் சிலிண்டர் என்று அதுவே சொல்லிவிடும்.

ஒட்டிய ரிங்குக்கு, இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் ஒரு முயற்சி செய்யலாம். பிஸ்டன்களைப் பாதி உயரத்தில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கரி கரைக்கும் திரவத்தை ஊற்றி ஓர் இரவு ஊறவிடுவது. காலையில் பிளக் போடாமல் இன்ஜினைச் சுற்றி மிச்சத்தை வெளியேற்ற வேண்டும். திரவம் உள்ளே இருக்கும்போது பிளக் போட்டு ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அப்புறம் ஆயிலும் ஃபில்டரும் கட்டாயம் மாற்றுங்கள். சில வண்டியில் பாதிக்குப் பாதி குறையும், சிலதில் ஒன்றும் நடக்காது.

என்னுடையது டீசல். இதெல்லாம் அதற்கும் பொருந்துமா?

பாதி பொருந்தும். பழைய டீசலில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகடு கிடையாது, மேனிஃபோல்டில் பெரிய வெற்றிடமும் இருக்காது. அதனால் டவுன் ஹில் டெஸ்ட் டீசலுக்கு உதவாது. கம்ப்ரஷன் எடுக்கவும் 400 பிஎஸ்ஐக்கு மேல் காட்டும் தனி மீட்டர் வேண்டும்.

பழைய ஹைலக்ஸ் 2.4, 2.8 டீசலில் பலர் கவனிக்காத இடம் ஆல்டர்னேட்டர். அதன் முதுகில் பிரேக்குக்கான வாக்குவம் பம்ப் இருக்கிறது, அதற்கு இன்ஜின் ஆயில்தான் போகிறது. உள்ளே சீல் போனால் ஆல்டர்னேட்டருக்குள் ஆயில் இறங்கும், சார்ஜும் குறையும். பேட்டரி விளக்கு லேசாக எரிகிறது, ஆயிலும் குறைகிறது என்று இரண்டு புகார் ஒன்றாக வந்தால் நான் முதலில் கை வைப்பது அங்கேதான். பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயையும் கழற்றி உள்ளே ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

டர்போ வண்டியானால் ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாயைக் கழற்றி, விசிறியைப் பிடித்து மேலும் கீழும், உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். இம்மி அசைவு பரவாயில்லை, விசிறி உறையில் உரசினால் டர்போ முடிந்தது. ஆனால் டர்போவுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அதன் அடியில் ஆயில் திரும்பி வரும் குழாய் அடைத்திருக்கிறதா, பிரீதர் சுத்தமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆயில் இறங்க வழியில்லாவிட்டால் நல்ல டர்போவும் கசியும்.

டர்போ வழியாக ஆயில் கொட்டும் டீசலை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்துத் தானாக வேகம் எடுக்கும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மேனுவல் கியரானால் பிரேக்கை முழுக்க மிதித்து, உயர்ந்த கியரில் கிளட்சை விட்டு அமுக்கி நிறுத்துங்கள். அது முடியாவிட்டால் தள்ளிப் போய்விடுங்கள். காற்று போகும் வாயைக் கையால் மூடப் போகாதீர்கள்.

கெட்டி ஆயில் ஊற்றினால் சரியாகிவிடுமா?

சரியாகாது, குறையும். டொயோட்டாவின் பழைய 4ஒய் மாதிரி பெட்ரோல் இன்ஜினில் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயில் ஊற்றுவதில் தப்பில்லை. டர்பனில் குளிர்காலம் என்று பேருக்குத்தான் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில் ஜூலைக் காலை சில நாள் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், அங்கே கெட்டி ஆயில் ஸ்டார்ட் ஆன சில நொடி மேலே ஏறத் திணறும். டொயோட்டா டி-4டி மாதிரிப் புதிய டீசல்களில் கையேட்டில் சொன்னதை மாற்றாதீர்கள்.

கடையில் டப்பாவில் விற்கும் புகை நிறுத்தும் மருந்து பெரும்பாலும் ஆயிலைக் கெட்டியாக்கும் சரக்குதான். காய்ந்த சீலை மிருதுவாக்கும் வகை சின்னக் கசிவுக்குச் சில நேரம் பலன் தரும். வண்டி விற்கிறவர்களுக்கு இந்த டப்பாக்கள் ரொம்பப் பிடிக்கும் என்பதை வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

வால்வு சீல் மாற்ற ஹெட்டை இறக்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கம்ப்ரஷர் காற்றைச் செலுத்தினால் வால்வு கீழே விழாது. ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றி சீலை மாற்றிவிடலாம். காற்று இல்லாவிட்டால் மெல்லிய நைலான் கயிற்றை உள்ளே நிறைய விட்டு, பிஸ்டனை மேலே தூக்கி அதையே முட்டுக் கொடுக்கலாம். ஸ்பிரிங் கழன்றதும் வால்வுத் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். நன்றாக ஆடினால் கைடு தேய்ந்திருக்கிறது, புது சீல் சீக்கிரமே போய்விடும். அப்போது ஹெட்டை இறக்கி மெஷின் ஷாப்புக்கு அனுப்புவதே சரி.

ரிங் செட் மட்டும் போட்டால் போதுமா, போர் வேலையும் செய்ய வேண்டுமா?

போரை அளந்தவர்தான் சொல்ல முடியும், நான் இங்கிருந்து சொல்ல முடியாது. மேலே, நடுவே, கீழே, குறுக்கும் நெடுக்கும் அளக்க வேண்டும். போரின் உச்சியில் விரல் நகம் தட்டும் அளவுக்கு விளிம்பு இருந்தால், ரிங் மட்டும் போடுவது பணத்தை வீணாக்கும் வேலை. தேய்மானம் கையேட்டு அளவுக்குள் இருந்தால் ஹோனிங் செய்து, அதாவது போரில் மெல்லிய குறுக்குக் கோடுகள் போட்டு, ரிங் போடலாம். புதிய ரிங் பளபளப்பான போரில் உட்காராது, அந்தக் குறுக்குக் கோடுகள் அவசியம்.

வேலை முடிந்ததும் வாசலில் மணிக்கணக்கில் ஐடிலில் ஓடவிடாதீர்கள். ரிங் போரில் படிய அழுத்தம் வேண்டும். மிதமான சுமையில் ஓட்டுங்கள், வேகத்தை ஏற்றி இறக்கி. ஐடிலில் ஓடவிட்டால் போர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், புது ரிங்கோடு ஆயில் குடிக்கும் இன்ஜின் கிடைக்கும்.

இவ்வளவு செலவு செய்த பிறகும் ஏன் சில வண்டி சீக்கிரமே மறுபடி குடிக்கிறது?

தூசி. டோங்காட், ஸ்டேங்கர் பக்கம் கரும்புத் தோட்ட ரோட்டில் ஓடும் பக்கிகளில் இதை நிறையப் பார்க்கிறேன். ஏர் ஃபில்டர் புதிதாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு அடுத்த ரப்பர் குழாயின் மடிப்பில் ஒரு வெடிப்பு, அல்லது கிளிப் தளர்வு. அந்த வழியாகப் போகும் மண் ரிங்கையும் போரையும் உப்புத்தாள் போட்டது மாதிரி தேய்த்துவிடும். ஃபில்டருக்குப் பிறகு வரும் குழாயைக் கழற்றி உள்ளே விரலால் தடவுங்கள். நறநற என்று மண் தட்டுப்பட்டால் புது ரிங் போடும் முன் இதைச் சரிசெய்யுங்கள்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய இன்ஜினை வாங்கிப் போடலாமா?

போடலாம், சில நேரம் போர் வேலையைவிட மலிவு. ஓட்டிக் காட்டாமலும், கம்ப்ரஷன் எடுக்க விடாமலும் விற்கிறவரிடம் வாங்க வேண்டாம். இன்ஜின் எண் மாறுவதால் வண்டிப் பதிவிலும் அதை மாற்ற வேண்டியிருக்கும். ரசீதையும் கிளியரன்ஸ் காகிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றும் செய்யாமல் ஊற்றிக்கொண்டே ஓட்டினால்?

நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், தப்பு சொல்ல மாட்டேன். ஆயில் எரிப்பதால் இன்ஜின் சட்டென்று சாவதில்லை, ஆயில் இல்லாமல் ஓடுவதால்தான் சாகிறது. சிவப்பு விளக்கு ஆயில் குறைந்தால் எரிவதில்லை, பிரஷர் விழுந்தால்தான் எரியும். அதற்குள் பேரிங் உரசித் தேய்ந்திருக்கும். பிளக்கைச் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். 2006 தொடக்கம் வரை இங்கே ஈயம் கலந்த பெட்ரோல் விற்றதால் பழைய பக்கிகள் பலவற்றில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கிடையாது. உங்கள் வண்டியில் இருந்தால் ஆயில் அதைக் கெடுக்கும். வான் ரீனன் கணவாய் ஏறி ஜோகன்னஸ்பர்க் போகிறவர்கள் சீட்டுக்குப் பின்னால் இரண்டு லிட்டர் வைத்திருங்கள். ஹாரிஸ்மித்தில் டீ குடிக்க நிறுத்தும்போது டிப்ஸ்டிக்கையும் பாருங்கள்.

வண்டியை விற்கப் போகிறேன். வண்டி சாலைக்குத் தகுதியானது என்ற ரோட்வொர்த்தி சான்றிதழில் பிரச்சினை வருமா?

பேர் மாற்றும்போது அந்தச் சான்றிதழ் வேண்டும். சொட்டச் சொட்ட ஆயில் ஒழுகினாலோ புகை மண்டினாலோ திருப்பி அனுப்புவார்கள். டேப்பெட் கவர் பேக்கிங்கும் பிரீதரும் பார்த்து, அடியைக் கழுவிக்கொண்டு போங்கள்.

வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது?

சாக்கடையிலும் வேலி ஓரத்திலும் ஊற்ற வேண்டாம். காலி ஆயில் கேனிலேயே ஊற்றி மூடி, பழைய ஆயில் வாங்கும் மையத்தில் கொடுங்கள். இதற்கென்றே ரோஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இந்த நாட்டில் இருக்கிறது, பல ஒர்க்‌ஷாப்புகளும் வாங்கிக்கொள்ளும். தண்ணீரோ பிரேக் ஆயிலோ தின்னரோ கலக்காமல் தனியாகக் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். ஃபில்டரைக் கவிழ்த்து ஓர் இரவு வடியவிட்டு, அந்த ஆயிலையும் அதே கேனில் சேர்த்துவிடுங்கள்.